பெட்டிக்கு ஒரு பச்சைப் பாக்கெட்

யூரோங்கை ஊரறியச் செய்தது ஒரே ஒரு நம்பர். முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

அதற்கு முன்னால் ஆறு மாதம் அவள் அந்தப் பக்கத்தை மாங்கு மாங்கென்று நடத்தினாள், சீந்த ஆளில்லை. பக்கத்தின் பெயர் ‘இன்னைக்கு எத்தனை டிகிரி?’ தைவானின் யுன்லின் கடலோரத்தில் அவளுடைய அப்பாவின் மட்டிக் குளத்தங்கரையில் ஒரு பெட்டி நட்டிருந்தது. அது தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு அன்றைய வெப்பத்தை அளந்து அவள் செல்போனுக்கு அனுப்பும். அவள் தைச்சுங் நகரத்தில், வேலை பார்க்கிற செல்போன் ரிப்பேர் கடையின் ஏசிக்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டு, அந்த நம்பரை ஒரு மட்டியின் படத்துக்கு மேலே எழுதிப் போடுவாள். இருபத்தெட்டு என்றால் மட்டி சிரிக்கும். முப்பத்திரண்டு என்றால் விசிறிக்கொள்ளும். முப்பத்தைந்தைத் தாண்டினால் ஓட்டைத் திறந்துபோட்டு, நாக்கு தள்ளக் கிடக்கும். மட்டியை வரைகிறவள் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெய்லின். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. டோக்கனுக்கும் டோக்கனுக்கும் நடுவில் கை சும்மா இருக்காது.

இரண்டு பேருக்கும் இருபத்துநான்கு வயது. பூமி சூடாவதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது கிடையாது, செல்போனில் வருகிற அளவுக்கு. ஒரு நாள் வெயிலை வைத்துக்கொண்டு குதிக்கக் கூடாது, முப்பது வருஷச் சராசரியைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த முப்பது வருஷச் சராசரியை இரண்டு வாரம் தூக்கம் கெட்டு, வண்ண வண்ணக் கோடாக வரைந்து பக்கத்தில் போட்டார்கள். பதினோரு லைக் வந்தது. அதில் ஒன்று பெய்லினின் அத்தை போட்டது. கை தவறிப் பட்டுவிட்டதாக அவரே போன் செய்து சொன்னார்.

ஜூலை ஒன்பதாம் தேதி பெட்டி அனுப்பிய நம்பரைப் பார்த்து இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். முப்பத்தொன்பது புள்ளி ஆறு. இதற்கு என்ன முகம் போடுவது என்று தெரியாமல் பெய்லின் மட்டியை வாணலியில் போட்டு, இஞ்சியும் துளசியும் சேர்த்து வதக்கியே விட்டாள். ‘அடுப்பு வேண்டாம், அப்படியே சாப்பிடலாம்’ என்று கீழே எழுதினாள். அதே வாரம் அப்பாவின் கிழக்குக் குளத்தில் பாதி மட்டி நிஜமாகவே செத்துப்போனது. அம்மா அனுப்பிய போட்டோவை, வாயைத் திறந்து கிடந்த மட்டிகளை, யூரோங் அடுத்த நாள் அழுதுகொண்டே பக்கத்தில் போட்டாள். அவ்வளவுதான், தீப்பிடித்துக்கொண்டது. எண்ணூறு பேர் பார்த்த பக்கத்தை அறுபத்திரண்டாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். டிவியில் அந்த வாணலி மட்டி வந்தது. ரிப்பேருக்கு வந்த ஒரு காலேஜ் பையன் செல்போனைக் கொடுக்க மறந்து அவளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனான்.

அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பெயர் ஆ-ஷெங். குளத்தங்கரையில் எல்லோருக்கும் ஷெங் அண்ணன். வசந்த காலத்தில் ஒருமுறை, அவரையே பேச வைத்து வீடியோ எடுக்கலாம் என்று யூரோங் போனில் கேட்டிருந்தாள்.

“அப்பா, பருவநிலை மாறிட்டு வருதே, அதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“எனக்கு என்னம்மா தெரியும். நீ படிச்சவ. வேணும்னா மட்டியைக் கேளு. சாப்பிட்டியா?”

அந்த வீடியோ அத்தோடு நின்றது. அப்பாவுக்குத் தன் பக்கம் ஒரு பொருட்டே இல்லை என்று யூரோங்குக்கு ஒரு குறை. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் உள்ளே இருந்தது.

புகழ் வந்தால் கூடவே ஒருவன் வருவான் அல்லவா, இவளுக்கும் வந்தான். ‘உப்புக்காற்று’ என்று ஒரு கணக்கு. ஆணா பெண்ணா, யார் கண்டது. “உங்கள் குளத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் அரசாங்க வானிலை நிலையம் இருக்கிறது. அங்கே ஒன்பதாம் தேதி முப்பத்தாறுதான். உங்கள் பெட்டியை ரொட்டி சுடுகிற அடுப்புக்குள் வைத்திருக்கிறீர்களா?” என்று மரியாதையாகவே கேட்டது. யூரோங்கின் ரசிகர் படை அதன்மேல் பாய்ந்தது. அதற்கும் ஒரு படை சேர்ந்தது. ஒரு வாரம் அடிதடி. கடைசியில் யூரோங் ரோஷத்தில் எழுதினாள்: ‘சனிக்கிழமை இரண்டு மணிக்குக் குளத்தங்கரையிலிருந்தே லைவ் வருகிறேன். பெட்டியையே காட்டுகிறேன். எல்லோரும் வாருங்கள்.’

எழுதி முடித்தபின்தான் பெய்லின் கேட்டாள். “ஆமா, நீ அந்தப் பெட்டியைக் கடைசியா எப்ப பார்த்தே?”

“ஏப்ரல்ல. கல்லறை சுத்தம் பண்ற லீவுக்குப் போனப்போ.”

“மூணு மாசமாவா?”

“அதான் நம்பர் வருதுல்ல. வந்து பார்க்கணும்னா அப்புறம் எதுக்கு செல்போன்?”

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து ஊருக்கு வந்தார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சியதில் நிலம் இறங்கி, தெரு உயர்ந்துகொண்டும் வீடுகள் தாழ்ந்துகொண்டும் போகிற ஊர் அது. யூரோங்கின் வீட்டுக்குள் நுழைய இப்போது மூன்று படி இறங்க வேண்டும். அப்பா வடக்குக் குளத்துக்காரருக்கு வலை இழுக்கப் போயிருந்தார். அம்மா சிப்பி உரிக்கிற கொட்டகையில். பையைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு இருவரும் குளங்களுக்கு நடுவே போனார்கள். மணி பத்துதான் ஆகியிருந்தது, அதற்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் எல்லாக் குளத்திலும் சளசளத்துக்கொண்டிருந்தன.

பெட்டி என்று பேச்சுக்குத்தான் சொல்வது. ஆள் உயரக் கம்பத்தின் உச்சியில், இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது மாதிரி வெள்ளைத் தட்டுகள் இருக்கும். கருவி அவற்றுக்கு நடுவில். தட்டுகளின் இடுக்கு வழியாகக் காற்று தாராளமாகப் போய்வர வேண்டும், அப்போதுதான் உள்ளே இருப்பது நிஜமான வெப்பத்தைச் சொல்லும். வாங்கின அன்றைக்கு யூரோங் இதைப் பத்து தடவை படித்தாள்.

இப்போது கம்பத்தின் உச்சியில் வெள்ளையையே காணோம். பச்சையாக ஏதோ உப்பிக்கொண்டிருந்தது.

“ஏய், என்னடி அது?” என்றாள் பெய்லின்.

கிட்டே போனார்கள். தேங்காய் வாசனைச் சோளப் பொரி, குடும்ப சைஸ் பச்சைப் பாக்கெட். அதைத் தட்டுகளைச் சுற்றி வளைத்து, வலை கட்டுகிற நீலக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. மழையில் நமுத்துவிடக் கூடாதென்று மேலே ஒரு பிளாஸ்டிக் பை வேறு. ஒரு இடுக்குகூட வெளியே தெரியவில்லை.

இதைப் பார்த்து அந்த இருவரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் என்னவென்று பார்த்த உடனே புரிந்துவிட்டது. அந்தப் பொரியின் பெயருக்கே ‘சமர்த்தாயிரு’ என்றுதான் அர்த்தம். தைவானில் மெஷின் இருக்கிற இடத்தில், மெஷின் மக்கர் பண்ணாமல் இருக்க அது இருக்கும். ஆஸ்பத்திரியில், பேங்கில், ரயில் சிக்னல் அறையில். பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் படுத்துக்கொள்ளும். தேதி முடிந்த பாக்கெட்டுக்கு வேலை செய்கிற சக்தி கிடையாது. யூரோங்கின் கடைப் பிரின்டர்மேல் ஒன்று இருக்கிறது. பெய்லினின் கிளினிக்கில் எக்ஸ்ரே மெஷினுக்கு ஒன்று. படித்தவர்கள், விஞ்ஞானம் பேசுகிறவர்கள், இதை நம்புகிறார்களா என்று கேட்டால் நம்பவில்லை என்பார்கள். எடுத்துவிடு என்றால் எடுக்க மாட்டார்கள்.

யூரோங் செல்போனைப் பார்த்தாள். பெட்டி அப்போது காட்டியது முப்பத்தேழு புள்ளி ஒன்பது. கயிற்றை அவிழ்த்தாள். பிளாஸ்டிக் பையை உரித்தாள். பாக்கெட் அடுப்பில் வைத்தது போல் சுட்டது. இருவரும் மோட்டார் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தேழு. முப்பத்தாறு புள்ளி இரண்டு. முப்பத்தைந்து. அரை மணி நேரத்தில் முப்பத்துநான்கு புள்ளி நான்குக்கு வந்து நின்றுகொண்டது.

“மூணரை டிகிரி,” என்றாள் யூரோங். முகத்தில் ஈயாடவில்லை.

பெய்லின் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “நாம எல்லா வீடியோவுலயும் சொல்லுவோமே,” என்றாள். “பூமிக்கு மேல போர்வை போத்தின மாதிரி, உள்ள வர்ற சூடு வெளிய போக முடியலன்னு. யாருக்கும் புரியல புரியலன்னு அழுவோமே. இங்க யாரோ செஞ்சே காட்டிட்டாங்கடி.”

“சிரிக்காதே பெய்லின்.”

“நான் எங்க சிரிக்கிறேன். யாரு செஞ்சிருப்பா?”

அதைக் கேட்க வேண்டியதே இல்லை. கிழக்குக் குளத்தின் குறுக்கே, கொக்கு இறங்காமல் இருக்க ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் பளபளவென்று ஏதேதோ காற்றில் படபடத்தன. யூரோங் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். எல்லாம் காலிப் பச்சைப் பாக்கெட். ஒவ்வொன்றிலும், ‘உங்கள் ஆசையை எழுதுங்கள்’ என்று அச்சடித்த வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு மையில் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. அப்பாவின் எழுத்து. ஸ்கூல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது அப்படித்தான் சாய்ப்பார்.

கரையோரமாக நடந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலில் இருந்தவை சின்னப் பாக்கெட்டுகள்.

‘ஜனவரி. பாப்பாவின் மெஷினே, சமர்த்தாக வேலை செய்.’

‘பிப்ரவரி. நண்டு கடிக்காமல் இரு.’

‘மார்ச். இந்த மாதம் உன்னை நிறையப் பேர் பார்க்கட்டும். எண்ணூறு போதாது.’

யூரோங் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். எண்ணூறு என்று அவருக்கு யார் சொன்னது?

மே மாதப் பாக்கெட்டிலிருந்து பேச்சு மாறியிருந்தது. ‘ஓரத்தில் மட்டி சாகிறது. தயவு செய்து முப்பத்தைந்தைத் தாண்டாதே.’ ஜூன் அமாவாசையிலிருந்து பாக்கெட் குடும்ப சைஸாகிவிட்டது. பெரிய கஷ்டத்துக்குப் பெரிய பாக்கெட் என்று நினைத்திருப்பார். எழுத்தும் பெரிது. ‘முப்பத்தைந்தைத் தாண்டாதே.’ ஜூன் பௌர்ணமி: ‘முப்பத்தைந்தைத் தாண்டாதே.’ கம்பத்திலிருந்து அவிழ்த்த ஜூலை அமாவாசைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள், அதிலும் அதேதான், இரண்டு தடவை எழுதியிருந்தது.

யூரோங் அங்கேயே உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தாள். கொட்டகையில் சிப்பிக் கத்திகளின் டக் டக் சத்தத்துக்கு நடுவே அம்மா கத்திப் பேசினார்.

“அந்தப் பாக்கெட்டா? உங்கப்பாதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சாமிக்குப் பழம் மறந்தாலும் மறப்பாரு, உன் பெட்டிக்குப் பாக்கெட் மறக்க மாட்டாரு. பழசைப் பிரிச்சு என் தலையில கட்டுவாரு, தேதி முடியறதுக்குள்ள தின்னு தின்னுன்னு. எனக்கு ஒண்ணுக்குகூட தேங்கா வாசனை அடிக்குது.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அது படிச்ச புள்ள, சிரிக்கும்னாரு. நீ ஏப்ரல்ல வந்தப்பகூட அவுத்து ஒளிச்சு வச்சாரு. ரெண்டு மணி ஆனா கையில இருக்கறதைப் போட்டுட்டு உன் மட்டிப் படத்தைத்தான் பார்ப்பாரு. முப்பத்தெட்டுன்னு வந்தா அன்னைக்குச் சோறு இறங்காது. ஏன், என்னாச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா,” என்றாள் யூரோங். போனை வைத்துவிட்டு அழுதாள். எவ்வளவு பாசமான மனிதர், எவ்வளவு பெரிய குளறுபடி! சூடு குறையட்டும் என்று வேண்டிக் கட்டிய பாக்கெட்தான் சூட்டை ஏற்றியது. நம்பர் ஏற ஏற அவர் கயிற்றை இன்னும் இறுக்கியிருக்கிறார்.

பெய்லின் அவள் பக்கத்தில் குந்தினாள். “சரி, இப்ப யோசி. லைவுக்கு மூணு மணி நேரம் இருக்கு. கேன்சல் பண்ணா ஓடிட்டாங்கன்னு சொல்லுவாங்க.”

“உண்மையைச் சொன்னா?”

“உப்புக்காத்து ஒரு வாரத்துக்கு ஆடித் தீத்துடும். ‘பொரி பாக்கெட் விஞ்ஞானி’ன்னு உனக்குப் பேரு வைப்பாங்க. பரவாயில்ல, அதைத் தாங்கிக்கலாம். உங்கப்பா?”

யூரோங்கின் கவலையும் அதுதான். தான் மாட்டிக்கொள்வது பெரிதில்லை. தன்னால்தான் பெண்ணின் இரண்டு மாத உழைப்பு பாழாயிற்று என்று தெரிந்தால் அந்த மனிதர் என்ன ஆவார்? அறுபத்திரண்டாயிரம் பேர் முன்னால் அவரைக் கேலிப்பொருளாக்குவதா? சிரிப்பாள் என்று பயந்து ஏழு மாதம் ஒளித்துச் செய்தவர்.

“டெக்னிக்கல் கோளாறுன்னு சொல்லிடறேன்,” என்றாள். “கருவியில பழுது, ஜூன்லேர்ந்து வந்த நம்பர் எல்லாம் தப்பு, மன்னிச்சிடுங்கன்னு. அது பொய் இல்லல்ல?”

“முழுப் பொய் இல்ல,” என்றாள் பெய்லின். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. பாக்கெட்டை மோட்டார் கொட்டகையில் சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லைவ் தொடங்கியது. யூரோங் ஒரு கையில் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். பெய்லின் எதிரே இன்னொரு செல்போனில் கமெண்டுகளைப் பார்த்துக்கொண்டு, எத்தனை பேர் என்று விரலால் காட்டினாள். நாலாயிரம். ஆறாயிரம். உப்புக்காற்று முதல் வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ‘பெட்டியைக் காட்டுங்கள்’ என்று மூன்று தடவை எழுதிவிட்டது.

“எல்லாருக்கும் வணக்கம். முதல்ல நான் ஒண்ணு ஒத்துக்கணும்,” என்று யூரோங் ஆரம்பித்தாள். “ஜூன் மாசத்துலேர்ந்து நாங்க போட்ட நம்பர் எல்லாம் தப்பு. ஒன்பதாம் தேதி முப்பத்தொன்பது இல்ல. முப்பத்தாறுதான். ஒரு சின்ன டெக்னிக்கல் கோளாறு...”

கமெண்டுகள் கொட்டத் தொடங்கின. ‘என்ன கோளாறு?’ ‘அப்பவே சொன்னேன்ல.’ ‘வேண்டுமென்றே ஏத்திக் காட்டியிருக்காங்க.’ ‘செத்த மட்டி போட்டோவும் பொய்யா?’

அப்போது குளங்களுக்கு நடுவே ஒரு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இன்றைக்குப் பௌர்ணமி என்பது யூரோங்குக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஷெங் அண்ணன் ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். கக்கத்தில் புதுப் பச்சைப் பாக்கெட். பெண்ணைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“பாப்பா! எப்ப வந்தே? சாப்பிட்டியா? வெயில்ல ஏன் நிக்கறே, கறுத்துடுவே.” பிறகு கம்பத்தைப் பார்த்தார். “ஐயய்யோ, காத்துல போயிடுச்சா? நேத்துகூட நல்லா இறுக்கித்தானே விட்டேன். பரவாயில்ல, பரவாயில்ல, புதுசு கொண்டாந்திருக்கேன்.”

இத்தனையும் ஏழாயிரம் பேருக்குக் கேட்டது. முகம்தான் தெரியவில்லை; கேமரா யூரோங்கின் பக்கம் இருந்தது. ‘யாரது?’ ‘எதைக் கட்டினார்?’ என்று கமெண்டுகள் ஓடின. பெய்லின் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்து, கட் பண்ணு கட் பண்ணு என்று சைகை காட்டினாள். ஒரு விரல் போதும். லைவ் நின்றுவிடும். சிக்னல் போய்விட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

யூரோங் அப்பாவைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே கழுத்து தோலுரிந்திருந்தது. பாக்கெட்டின் வெள்ளைக் கட்டத்தில் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். மை இன்னும் பளபளத்தது. இவரை எதற்கு நான் ஒளித்துவைக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. இந்தக் கரையில் தினமும் நின்று பெட்டியைப் பார்த்தது இவர் ஒருவர்தான்.

“அப்பா, நான் லைவ்ல இருக்கேன். ஏழாயிரம் பேர் பாக்கறாங்க. உங்களைக் காட்டட்டுமா?”

“என்னையா? எதுக்கு?” பயந்து போனார். ஆனால் கை தானாகத் தொப்பியைக் கழற்றித் தலைமுடியை அழுத்திவிட்டது. சட்டைப் பட்டனைப் போட்டது. “பூட்ஸ் தெரியுமா?”

“தெரியாது.”

“சரி.”

செல்போனைத் திருப்பினாள்.

“இவர் எங்கப்பா. இது அவரோட குளம். பெட்டி நல்லபடியா வேலை செய்யணும்னு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பாக்கெட் வச்சிருக்காரு. ஜூன்லேர்ந்து பெரிய பாக்கெட். அது பெட்டியைச் சுத்தி மூடிடுச்சு, காத்து போக வழி இல்ல, உள்ள சூடு தங்கிடுச்சு. அதான் கோளாறு. நான் மூணு மாசமா ஒரு தடவைகூட வந்து பாக்கல. அது அதைவிடப் பெரிய கோளாறு.” பிறகு மெதுவாக, “அப்பா, உங்களுக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க,” என்றாள்.

அவர் பாக்கெட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நான்தான் கெடுத்தேனா?”

“வேணும்னு செய்யலியேப்பா.”

“ரெண்டு மாசமாவா?”

“ம்.”

பாக்கெட்டை, திட்டப் போகிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு திடீரென்று தலையை நிமிர்த்தினார். “இரு, இரு. அப்படின்னா நிஜமாவே அவ்வளவு சூடு இல்லியா?”

“இல்லப்பா. மூணரை டிகிரி கம்மி.”

“அட, நல்லதுதானே!” முகம் மலர்ந்துவிட்டது. தங்கப்பல் வெயிலில் மின்னியது. “நான் பாட்டுக்கு ராத்திரி பகலா பயந்துட்டு... நல்லதுதானே பாப்பா, இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?”

கமெண்டுகளில் சிரிப்பு முகங்கள் குவிந்தன. ‘அப்பாவைத் திட்டாதீங்க.’ ‘பாக்கெட் பச்சைதானே, அப்புறம் என்ன.’ உப்புக்காற்றுகூட எழுதியது: ‘ஒத்துக்கொண்டதற்கு நன்றி. அண்ணா, அடுத்த தடவை கம்பத்தின் அடியில் கட்டுங்கள்.’

ஷெங் அண்ணனின் சிரிப்பு அப்படியே இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கிழக்குக் குளத்தைப் பார்த்தார்.

“ஒன்பதாந்தேதி எவ்வளவுன்னே?”

“முப்பத்தாறுப்பா.”

“அப்ப என் மட்டி முப்பத்தாறுக்கே செத்துருச்சா?”

இந்தக் கேள்வி யூரோங்குக்குத் தோன்றவே இல்லை. காலையிலிருந்து அவள் தன் நம்பரைப் பற்றித்தான் கவலைப்பட்டாள்.

“முப்பத்தொன்பதுன்னா பரவாயில்லன்னு இருந்தேன்,” என்றார் அவர், அவளிடம்தான், கேமராவை மறந்துவிட்டிருந்தார். “அது என்னைக்கோ ஒரு நாள் வந்துட்டுப் போற பேய். இந்த வருஷம் வந்துச்சு, இனி வராதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். முப்பத்தாறு அப்படி இல்லியே. நான் குளம் வெட்டின புதுசுல வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை வரும். இப்ப ஜூலையில பாதி நாள் அதுதானே. அடுத்த வருஷமும் வருமே.”

சக்கரங்கள் சளசளத்துக்கொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்த கமெண்டுகள் நின்றுபோனதைப் பெய்லின் பார்த்தாள். சிக்னல் போய்விட்டதோ என்று செல்போனைத் தட்டினாள். போகவில்லை. எட்டாயிரத்து நூறு பேர் அப்படியே இருந்தார்கள். இரண்டு வாரம் கோடு போட்டுப் பதினோரு லைக் வாங்கிய விஷயம் இதுதான் என்று அவளுக்கு உறைத்தது.

மணி இரண்டு. யூரோங்கின் கையிலிருந்த செல்போன் கிணுகிணுத்து, பெட்டி அனுப்பிய நம்பரைக் காட்டியது. முப்பத்தைந்து புள்ளி இரண்டு. அவள் சத்தமாக வாசித்தாள்.

அப்பா கம்பத்தின் அடியில் குந்தி, பாக்கெட்டை மண்ணில் சாய்த்துவைத்தார். “இங்க வச்சா அது மூச்சு விடுமா?”

“விடும்பா.”

சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். வீட்டில் எழுதிக்கொண்டு வந்த முப்பத்தைந்தை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு, அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்கிற சங்கடத்தோடு பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

யூரோங் செல்போனைப் பெய்லினிடம் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

“இன்னும் பெருசா எழுதுங்கப்பா,” என்றாள்.

அவர் அதே எழுத்தின்மேல் பேனாவை அழுத்திப் பெரிதாக மறுபடி எழுதினார்.